மிஷினுக்கு வைத்த கால்

நான் பயந்தாங்கொள்ளி. இதை யாரும் சொல்லித்தான் எனக்குத் தெரிய வேண்டும் என்பதில்லை. ஸ்கூல் வேன் ஓட்டுகிறேன். கடைசிப் பிள்ளை இறங்கிய பிறகும் சீட்டுக்கு அடியில் குனிந்து பார்ப்பேன். கதவைச் சாத்திவிட்டு நாலு எட்டு நடந்ததும், சாத்தினோமா என்று திரும்பிப் போய் இழுத்துப் பார்ப்பேன். காஸ் சிலிண்டரை மூடிவிட்டுப் படுத்தால், மூடியது இன்றைக்கா நேற்றைக்கா என்று சந்தேகம் வரும். எட்டாவதோடு படிப்பை விட்டவன். படித்தவர்களுக்கு எது நடக்கும், எது நடக்காது என்று உள்ளுக்குள் ஒரு கணக்கு இருக்கும் போலிருக்கிறது. எனக்கு எல்லாமே நடக்கும் என்றுதான் தோன்றும்.

அப்படிப்பட்டவன் வீட்டு மொட்டை மாடிக்கு ஒரு கட்டிங் மிஷின் வந்து சேர்ந்தது.

கொண்டு வந்தவள் என் மனைவி. பிளைவுட் பலகையில் வீடு மாதிரி, மீன் மாதிரி, மாங்காய் மாதிரி வெட்டி, வண்ணம் அடித்து, கொக்கி வைத்து, சாவி மாட்டும் பலகை செய்து விற்பாள். கிரகப்பிரவேசத்துக்கு வருகிறவர்களுக்குத் தாம்பூலப் பையோடு கொடுக்க அதை வாங்குவார்கள். எங்கள் ராஜகீழ்ப்பாக்கம் பக்கம் எந்தத் தெருவில் பார்த்தாலும் ஒரு புது பிளாட் எழும்பிக்கொண்டிருக்கிறதே, அதனால் அவளுக்கு வேலை நிற்கவில்லை. பலகையை மட்டும் பக்கத்தில் இருந்த கார்பென்டர் கடையில் அறுத்து வாங்குவாள். அவர் இன்றைக்கு வா, நாளைக்கு வா என்பார். அறுத்துக் கொடுத்தாலும் கோணலாக இருக்கும். அவரே ஒரு நாள் கடையை மூடிக்கொண்டு ஊருக்குப் போகிறேன் என்றதும், அவருடைய பழைய மிஷினை இவள் கேட்டு வாங்கிவிட்டாள். என்னிடம் சொன்னால் வேண்டாம் என்பேன் என்று தெரியும். அதனால் மிஷின் மாடி ஏறிய பிறகுதான் எனக்குச் சொன்னாள்.

பெரிய மிஷின் ஒன்றும் இல்லை. பழைய காலத்து டிவி பெட்டி அளவு. மேலே வழவழவென்று ஒரு இரும்புத் தட்டு. தட்டின் நடுவில் ஒரு பிளவு. அந்தப் பிளவிலிருந்து பல் வைத்த வட்டப் பிளேடு பாதி உடம்பை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். பலகையைத் தட்டில் படுக்க வைத்து அதன் மேல் தள்ளினால் அறுத்துக்கொண்டே போகும். பிளேடுக்கு மேல் இருக்க வேண்டிய மூடி எப்போதோ உடைந்து போயிருந்தது. கம்பெனி வைத்த சுவிட்சும் கெட்டுப்போய், வீட்டுச் சுவரில் இருக்குமே, அந்த மாதிரி சாதாரண சுவிட்ச் ஒன்றை ஒரு டப்பாவில் பொருத்தி முன்பக்கம் முடுக்கியிருந்தார் அந்தக் கார்பென்டர். ஸ்டாண்டு இல்லை. அவர் ஏதோ இரண்டு ஸ்டூலின் மேல் வைத்து ஓட்டிக்கொண்டிருந்தாராம். ஸ்டூல் அவருக்கு வேண்டுமாம்.

மிஷின் வந்த மறுநாள் காலை டிரிப் முடித்து வந்தேன். கேட்டைத் திறக்கும்போதே சத்தம் கேட்டது. பல் டாக்டர் கடை சத்தத்தைப் பத்து மடங்கு பெரிதாக்கின மாதிரி. படியில் ஏற ஏறக் கால் கனத்தது. மாடியில், நாங்கள் துணி காயப்போடத் தகரம் போட்ட இடத்தில், அவள் தரையில் உட்கார்ந்திருந்தாள். ஒரு காலை மடக்கி, இன்னொரு காலை இரும்புத் தட்டின் விளிம்பில் அழுத்தி வைத்துக்கொண்டு, பலகையை இரண்டு கையாலும் பிடித்துப் பிளேடில் கொடுத்துக்கொண்டிருந்தாள். பார்த்ததும் எனக்குப் புரிந்தது. அரிவாள்மனை. அவள் அதை அரிவாள்மனை என்று நினைத்துவிட்டாள்.

அரிவாள்மனையில் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. காலால் பலகையை அழுத்தி உட்கார்ந்தால், பேச்சு ஒரு பக்கம் போகும், கை ஒரு பக்கம் போகும். ஒரு கை காயைத் தள்ளும், இன்னொரு கை பிளேடுக்கு அந்தப் பக்கம் போய் வாங்கும். கண் டிவியில் இருக்கும். அதே கை, அதே கால் இப்போது இங்கே வேலை செய்துகொண்டிருந்தது. பிளேடுக்கும் அவள் கால் கட்டை விரலுக்கும் நடுவில் ஒரு உள்ளங்கை அகலம்தான் இருந்தது.

"ஆஃப் பண்ணு! ஆஃப் பண்ணு!" என்று கத்தினேன்.

சுவிட்சைத் தட்டிவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். புருவத்தில் எல்லாம் மரத்தூள். "இன்னாங்க, வூடா பத்திக்கிச்சு?"

"இப்படியா உக்காந்து அறுப்பாங்க?"

"பின்ன எப்படி அறுப்பாங்க? கல்யாணம் ஆகி வந்த நாள்லேர்ந்து அருவாமனைல உங்களுக்கு அரிஞ்சு கொட்டிகினு இருக்கேன். என் வெரல எண்ணிப் பாருங்க, எல்லாம் இருக்குதா?"

விரலை விரித்து என் முகத்துக்கு நேராக நீட்டினாள். அவளுக்குச் சிரிப்பு. எனக்கு அந்த விரல்களைப் பார்க்கவே முடியவில்லை.

காரணம் இருக்கிறது. படிப்பை விட்டதும் என்னை முதலில் ஒரு மர அறுவை மில்லில்தான் சேர்த்தார்கள். தூள் அள்ளிக் கொட்டுவது என் வேலை. ஒரு மத்தியானம் ஓடிக்கொண்டிருந்த பிளேடின் சத்தம் சட்டென்று மாறி, மறுபடி பழைய சத்தத்துக்கு வந்தது. அவ்வளவுதான் நடந்தது. அறுத்துக்கொண்டிருந்தவர் கத்தவில்லை. லுங்கி நுனியைத் தூக்கிக் கையில் சுற்றிக்கொண்டு, குடிக்கத் தண்ணீர் கேட்கிற குரலில், "ஒரு ஆட்டோ சொல்லுப்பா" என்றார். ரத்தம் எனக்கு மறந்துவிட்டது. அந்தக் குரல் மறக்கவில்லை. மறுநாளிலிருந்து நான் மில்லுக்குப் போகவில்லை. அதற்கப்புறம் கிளீனர், டிரைவர் என்று வண்டியோடு என் பிழைப்பு போய்விட்டது. இத்தனை வருடம் கழித்து அதே சத்தம் என் வீட்டு மாடி ஏறி வந்திருக்கிறது.

இதை அவளிடம் சொன்னேன். கொஞ்சம் இறங்கி வந்தாள். "சரி, தரையில வேணாம். ஸ்டாண்டு ஒண்ணு பண்ணிக் குடுங்க. நின்னுகினு அறுக்கிறேன். ஆனா சீக்கிரம். ஆர்டர் நிக்குது."

ஸ்டாண்டு என் பொறுப்பு ஆனது அப்படித்தான். மிஷினை நிறுத்த முடியாது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஸ்டாண்டு சரியாக அமைந்தால் அவள் கை தப்பிக்கும் என்று நம்பினேன். அதை விட்டால் நம்புவதற்கு வேறு ஒன்றும் இல்லை.

பள்ளிக்கூடம் விடும்வரை வேனை ஒரு புங்கை மரத்தடியில் போட்டுவிட்டு உட்கார்ந்திருப்பேன். அந்த நேரத்தில் போனில் வீடியோ பார்க்க ஆரம்பித்தேன். பார்க்காமல் இருந்திருக்கலாம். எல்லாம் வெள்ளைக்காரர்கள். நம் வீடு மொத்தத்தையும் வைக்கிற அளவுக்குக் கார் ஷெட். கண்ணுக்குக் கண்ணாடி, காதுக்கு மூடி. ஒருவர் ஸ்டாண்டு செய்வதைக் காட்டப்போகிறேன் என்று ஆரம்பித்து, நடுவில் தன் கையைக் கேமராவுக்கு நேராகத் தூக்கிக் காட்டினார். அவர் பேசிய இங்கிலீஷ் புரியவில்லை. கட்டை விரல் புரிந்தது. பாதி இல்லை. போனை அணைத்துவிட்டு ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். பெல் அடித்துப் பிள்ளைகள் ஏறி, "அங்கிள், போலாம்" என்று சொன்ன பிறகுதான் வண்டியை எடுத்தேன்.

ஆன்லைனில் மடக்கு ஸ்டாண்டு விற்கிறார்கள். மடங்குகிற எதையும் நான் நம்ப மாட்டேன். எப்போது மடங்கும் என்று யார் சொல்ல முடியும்? இஸ்திரி போடும் மேஜையே எங்கள் வீட்டில் ஒரு தடவை மடங்கியிருக்கிறது.

அவள் ஒரு யோசனை சொன்னாள். "தையல் மிஷின் கால் வாங்கிப் போட்டா இன்னா? கனமா இருக்கும்ல?"

நல்ல யோசனையாகத்தான் பட்டது. டீக்கடையில், ஜூஸ் கடையில் எல்லாம் அந்தப் பழைய இரும்புக் காலின் மேல் பலகை அடித்து மேஜையாகப் போட்டிருப்பதைப் பார்த்திருக்கிறேன். தாம்பரம் மார்க்கெட் பக்கம் பழைய இரும்புக் கடையில் ஒன்று கிடைத்தது. மேலே கனமான பலகை வைத்து மிஷினை ஏற்றினோம். பிளக் போடாமலே அவளை நிற்க வைத்துப் பார்த்தேன். பலகையைத் தள்ளுகிற மாதிரி தள்ளச் சொன்னேன். தள்ளினாள். கீழே அவள் கால் தானாகத் தூக்கி மிதிமேல் போய் உட்கார்ந்தது. மிதி ஆடியது. அதோடு இரும்புக் காலும் ஆடி, மேலே மிஷின் மெதுவாகத் தலையாட்டியது.

"மிதிய எடுத்துட்டாப் போவுது," என்றாள்.

மிதியை எடுத்தாலும் ஆட்டம் நிற்கவில்லை. மொட்டை மாடித் தரை மழைத் தண்ணீர் ஓடுவதற்காக ஒரு பக்கம் வாட்டமாக இருக்கும். நாலு காலும் ஒன்றாகத் தரையைத் தொடாது. அட்டையை மடித்துக் கொடுத்தேன். சிமென்ட் ஓடு கொடுத்தேன். தொட்டால் ஆடிக்கொண்டே இருந்தது. அன்றைக்கு ராத்திரி சோறு இறங்கவில்லை.

"நான்தான அறுக்கப் போறேன், நீங்க ஏன் சாப்டாம இருக்கீங்க?" என்று கேட்டாள்.

கடைசியில் மாடம்பாக்கம் ரோட்டில் ஒரு வெல்டிங் கடைக்குப் போனேன். போன நேரம் வெல்டிங்காரர் ஒரு கேட்டுக்குப் பற்ற வைத்துக்கொண்டிருந்தார். கண்ணாடி போடவில்லை. பொறி கிளம்பும்போது முகத்தை ஒரு பக்கம் திருப்பிக் கண்ணை இறுக்கிக்கொண்டு, கையை மட்டும் குத்துமதிப்பாக நகர்த்தினார்.

"கண்ணாடி இல்லையாண்ணா?"

"கீது. அதோ மாட்டிகினு கீது பாரு. போட்டா ஒண்ணும் தெரியாதுண்ணா. நான் கண்ண மூடிப்பேன்."

இவரிடம் போய் என் மனைவியின் விரலைக் காப்பாற்ற ஸ்டாண்டு கேட்கிறேனே என்று இருந்தது. ஆனாலும் கேட்டேன். தடியான ஆங்கிள் இரும்பில் நாலு கால். குறுக்கே மேலே ஒரு சுற்று, கீழே ஒரு சுற்று பட்டை. வாட்டமான தரைக்கு ஒவ்வொரு காலின் அடியிலும் நட் வைத்துப் பற்ற வைத்து, அதில் போல்ட்டு திருகி, கூட்டிக் குறைக்கிற மாதிரி. மிஷினை மேலே வைத்து போல்ட்டு போட்டு முடுக்க ஓட்டை.

"இன்னாண்ணா, யானை கட்டப் போறியா?"

"ஆடக் கூடாது."

"அது ஆடாது. ஹைட்டு எவ்ளோ?"

அங்கேதான் என் பயம் வேலை செய்தது. நான் நன்றாக யோசித்து வைத்திருந்தேன். தாழ்வாக வைத்தால் குனிவாள். குனிந்தால் முகமும் நெஞ்சும் பிளேடுக்கு மேலே போகும். காலைத் தூக்கி வைக்க இடம் தேடும். உயரமாக வைத்துவிட்டால் குனியவே முடியாது, காலும் எட்டாது, பிளேடு எட்டியே இருக்கும். என் நெஞ்சுக்குக் கொஞ்சம் கீழே கையை வைத்துக் காட்டினேன்.

"நீயா அறுக்கப் போற?"

"இல்ல, வீட்டுல."

"அக்கா உன்ன விட ஒசரமா?"

"என் தோள் வரைக்கும் வருவாங்க."

அவர் ராடைக் கீழே வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இன்னாண்ணா பேஜாரு. ஓட்டல்ல தோசக்கல்லு கூட இவ்ளோ மேல இருக்காதே. அக்கா ஏணி போட்டா ஏறுவாங்க?"

"நான் சொன்ன அளவுலயே போடுங்க. மிஷின் உயரத்தையும் சேத்துதான் சொல்றேன்."

"எனக்கு இன்னா. நீ சொன்னா பனமரம் ஒசரத்துக்குக் கூட பத்த வைப்பேன்."

ஸ்டாண்டு மீன்பாடி வண்டியில் வந்து இறங்கியது. ஏற்றுவதற்குள் இடுப்பு ஒடிந்தது. தகரத்துக்குக் கீழே வைத்து, போல்ட்டுகளைக் கூட்டிக் குறைத்து, மேலே ஒரு டம்ளர் நிறையத் தண்ணீர் வைத்து, தோளால் முட்டிப் பார்த்தேன். தண்ணீர் அசைந்தது. ஸ்டாண்டு அசையவில்லை. மிஷின் வந்ததிலிருந்து அன்றைக்குத்தான் மூச்சை முழுசாக விட்டேன்.

அவள் வந்து முன்னால் நின்றாள். தட்டு அவள் நெஞ்சுக்கு நேராக இருந்தது.

"இது யாருக்குப் பண்ணது? உங்க ஸ்கூல் பிள்ளைங்க தொங்கி ஆடறதுக்கா?"

"இப்படித்தான் இருக்கணும். குனியக் கூடாது பாரு."

"கொடில துணி போடற மாதிரியில்ல இருக்குது," என்றாள். ஆனாலும் எனக்காக ஒரு பலகையை அறுத்துப் பார்த்தாள். தோள் காது வரைக்கும் ஏறிக்கொண்டது. பலகை பாதியில் திக்கியது. அணைத்துவிட்டுக் கீழே போனவள் மனைப்பலகையைக் கொண்டு வந்து போட்டாள். சாப்பிட உட்காருகிற மனை, பலாமரம், நல்ல கனம். அதன் மேல் ஏறி நின்றாள். "இப்ப சரி," என்றாள். பலகை வெண்ணெய் மாதிரி போனது.

எனக்கும் சரி என்றுதான் பட்டது. ஸ்டாண்டு ஆடவில்லை. கால் எட்டவில்லை. வேறு என்ன வேண்டும்? நீளப் பலகை அறுக்கும்போது நான் எதிர்ப் பக்கம் நின்று நுனியைத் தாங்கிக்கொள்வேன். சின்னத் துண்டுகளை நான் டிரிப்பில் இருக்கும்போது அவளே அறுத்துக்கொள்வாள். வெளிச்சம் குறையக் கூடாது என்று தகரத்தின் கீழே ஒரு பல்பு தொங்கவிட்டு, பகலிலும் எரியவிட்டேன். கீழ் வீட்டு அக்கா மட்டும் படிக்கட்டில் பார்க்கும்போதெல்லாம், "இன்னா, மரவாடி நல்லா ஓடுதா? எங்க வூட்டு மிக்ஸி சத்தமே எனக்குக் கேக்கலப்பா," என்பார்கள். சிரித்துவிட்டுப் போவேன்.

பயம் போய்விட்டதா என்றால் இல்லை. இடம் மாறி உட்கார்ந்துகொண்டது. பிளக் பாயின்டைப் பற்றிக் கவலைப்பட்டேன். மாடிச் சுவரில், தரைக்குக் கொஞ்சம் மேலே இருக்கிற பழைய பாயின்ட் அது. பிளக் லூசாக நிற்கும். எத்தனை தடவை அழுத்தினாலும் கொஞ்சம் வெளியே வந்துவிடும். தீப்பொறி வந்துவிடுமோ என்று ஏறும்போதும் இறங்கும்போதும் அதை ஒரு அழுத்து அழுத்திவிட்டுப் போவேன். மாற்றிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன்.

அன்றைக்குக் காலை டிரிப் முடிந்து வந்து, நீளப் பலகை ஒன்றை அறுத்துக்கொண்டிருந்தோம். அவள் மனை மேல் நின்று தள்ளினாள். நான் எதிரே நின்று இரண்டு கையாலும் நுனியைத் தாங்கினேன். பாதி அறுத்தபோது பல்பு அணைந்தது. மிஷின் இழுத்து இழுத்து, முனகி, நின்றது. கரண்ட் கட். தெரு முழுக்கச் சட்டென்று அமைதி. எங்கேயோ காக்கா கத்துவது கேட்டது.

"போச்சா? ம், இன்னிக்கு அவ்ளோதான். பலகைய வெளிய எடுத்துர்லாம்," என்றாள்.

பலகை பிளேடைக் கவ்விக்கொண்டு நின்றது. வரவில்லை. அவள் வலது கையால் இந்தப் பக்கம் தள்ளினாள். இடது கையைப் பிளேடுக்கு மேலாக அந்தப் பக்கம் கொண்டுபோய், அறுபட்ட இரண்டு துண்டுக்கும் நடுவில் விரலைக் கொடுத்து, தன் பக்கம் வாங்கினாள். பூசணிக்காய் அரிவாள்மனையில் சிக்கிக்கொண்டால் எப்படி வாங்குவாளோ அப்படியே. மணிக்கட்டு பிளேடின் பல் மேலேயே இருந்தது. மனை மேல் நின்றிருந்ததால்தான் கை அவ்வளவு தூரம் எட்டியது.

நான் சுவிட்சைத் தேடினேன். அது அவள் பக்கம், தட்டுக்குக் கீழே இருக்கிறது. மனையில் ஏறி ஒட்டி நிற்கிறவளுக்கு அது கண்ணில் படாது. ஸ்டாண்டின் கால்களுக்கு நடுவே குனிந்து பார்த்தால் எனக்குத் தெரிந்தது. கீழ்ப் பக்கம் அழுந்தியே இருந்தது. அவள் அணைக்கவில்லை. கரண்ட் போனதும் மிஷின் தானாக நின்றுவிட்டதே, அதனால் அணைத்த மாதிரியே அவளுக்குத் தோன்றிவிட்டது.

கத்த நினைத்தேன். குரல் வரவில்லை. உண்மையாகவே வரவில்லை. கனவில் வாய் மட்டும் திறக்குமே, அப்படி. ஓடிப் போய் அவளை இழுக்கலாம் என்றால், என் இரண்டு கையிலும் பலகையின் பாரம். நான் விட்டால் நுனி கீழே போகும், அந்தப் பக்கம் மேலே எழும்பும், விரல் பலகைக்கும் பிளேடுக்கும் நடுவில் மாட்டிக்கொள்ளும். விடவும் முடியாது. பிடித்துக்கொண்டிருக்கவும் முடியாது.

மிஷினின் ஒயர் என் காலுக்குப் பக்கத்தில் தரையில் ஓடி, பின்னால் சுவருக்குப் போகிறது. செருப்பைக் கழற்றியது ஞாபகம் இல்லை. கால் கட்டை விரலுக்கும் பக்கத்து விரலுக்கும் நடுவில் ஒயரைக் கவ்வி, காலைப் பின்னாலிருந்து முன்னால் ஒரே இழுப்பாக இழுத்தேன். லூசாக நின்ற பிளக் கழன்று தரையில் விழுகிற சத்தம் கேட்டது.

"இன்னா பண்றீங்க?" என்றாள் அவள், கையை எடுக்காமல்.

பல்பு எரிந்தது.

கீழ் வீட்டில் டிவி பேச ஆரம்பித்தது. தெருவில் யாருடைய மோட்டாரோ ஓடத் தொடங்கியது. எங்கள் தலைக்கு மேலே மஞ்சளாக வெளிச்சம். அதற்கு நேர் கீழே பிளேடு. பிளேடு மேல் அவள் கை.

அவள் பல்பைப் பார்த்தாள். பிளேடைப் பார்த்தாள். தரையில் கிடந்த பிளக்கைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். சிரிக்கவில்லை. மரத்தூளுக்கு அடியில் முகம் வெளுத்துக்கொண்டே போனது.

"எடு," என்றேன். இப்போது குரல் வந்தது.

"வரலைங்க," என்றாள். கை வரவில்லை. சிக்கவெல்லாம் இல்லை. அது மரத்துப்போய் நின்றது.

பலகையின் என் பக்க நுனிக்கு ஒரு பெயின்ட் டின்னை முட்டுக் கொடுத்துவிட்டு, சுற்றிக்கொண்டு வந்து, அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தேன். சில்லென்று இருந்தன. மணிக்கட்டில் பிளேடு பல்லின் தடம் வரிசையாகப் பதிந்திருந்தது. அழுத்தி வைத்ததால் வந்த தடம்தான். தோல் கூடக் கீறவில்லை. அவள் மனையிலிருந்து இறங்கி, அதே மனையில் உட்கார்ந்துவிட்டாள். நானும் தரையில் உட்கார்ந்தேன்.

மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டே சொன்னாள். "நீங்க வேன் எடுத்துகினு போன அப்புறமும் நான் இப்படித்தாங்க வாங்குவேன். கரண்ட் போனா, அப்படியே வுட்டுட்டு கீழ போய் டீ குடிச்சிட்டு வருவேன். வந்து கைய வுட்டு எடுப்பேன்."

அது எனக்கு மில்லில் பார்த்த அந்த மத்தியானத்தை விடப் பெரிய பயம். பார்த்தது இந்த ஒரு தடவைதான். பார்க்காதது எத்தனை தடவையோ.

"வேணாம்மா. யாருக்காவது குடுத்துடலாம்," என்றேன். அவள் பதில் சொல்லவில்லை. பதில் சொல்லாததால் சரி என்று சொல்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன். மிஷினை ஒரு பழைய போர்வையால் மூடிவிட்டு வந்தேன்.

அடுத்த நாள் சாயங்கால டிரிப் முடித்து வந்தால், சமையல் அறையில் ஒரு சணல் கயிறைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறாள். ஒரு நுனியைக் கால் பெருவிரலால் மிதித்து, கயிறைச் சமையல் மேடை விளிம்பு வரைக்கும் இழுத்து, அந்த இடத்தில் ஒரு முடிச்சுப் போட்டாள்.

"இன்னாது இது?"

"சப்பாத்தி தேய்க்கிறேன்ல இந்த மேடையில, தோளு வலிக்குதா? குனியறேனா? இதான் எனக்கு ஒசரம். உங்க ஸ்டாண்ட இந்த அளவுக்கு அறுத்துகினு வாங்க."

"குடுத்துடலாம்னு சொன்னேனே."

"நீங்க சொன்னீங்க. நான் சொல்லல." கயிறைச் சுருட்டினாள். "எனக்குக் கால் தரையில நிக்கணுங்க. மனை மேல ஏத்தி வுட்டதாலதான் கை அந்தாண்ட போச்சு. சுவிட்சும் தெரியல. நீங்க பயந்துகினு ஒசத்தினீங்க, நான் அதுக்கு மேல ஏறி நின்னேன்."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. சப்பாத்திக்கு மாவு போதாது என்கிற மாதிரி சொன்னாள். பிளேடை எட்ட வைக்க வேண்டும் என்று நான் ஏற்றிய ஒவ்வொரு விரற்கடை உயரமும் அவள் கையைப் பிளேடுக்குப் பக்கத்தில்தான் கொண்டுபோயிருந்தது.

வெல்டிங் கடைக்கு இந்தத் தடவை அவளும் வந்தாள். கயிறை நீட்டி, மிஷின் உயரத்தைக் கழித்து, சாக்பீசால் காலில் கோடு போட்டதும் அவள்தான்.

"நான் அப்பவே சொன்னேனா இல்லியாண்ணா?" என்றார் வெல்டிங்காரர். "அக்கா, ஏணிதான் கேட்டு வருவீங்கன்னு பாத்தேன். ஸ்டாண்டே வந்துடிச்சு."

"நீங்க மொதல்ல கண்ணாடிய மாட்டுங்க," என்றாள் அவள். "அப்புறம் கால அறுக்கலாம். நான் இங்கதான் நிப்பேன்."

அவர் அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு, ஆணியில் மாட்டியிருந்த கண்ணாடியை எடுத்து, ஊதி, போட்டுக்கொண்டார். நாலு காலையும் அறுத்து, நட்டைத் திரும்பவும் பற்ற வைத்துக் கொடுத்தார்.

சுவிட்சையும் மாற்றினோம். கரண்ட் போனால் தானாக விழுந்துவிடுமாம், வந்தாலும் நாம் அழுத்தினால்தான் ஓடுமாம், அப்படி ஒன்று இருக்கிறதாம். எலக்ட்ரிக் கடையில் சொல்லிவைத்து வரவழைத்தோம். உடைந்த மூடிக்குப் பதிலாக ஒரு மூடியும் தேடிப் பிடித்துப் போட்டோம். பலகையின் கடைசி நுனியைத் தள்ள ஒரு கட்டையை அவளே செதுக்கி, ஸ்டாண்டின் ஓரத்தில் கொக்கி வைத்து மாட்டியிருக்கிறாள். அந்தக் கொக்கி சாவிப் பலகைக்கு வைக்கிற கொக்கிதான். லூஸ் பிளக் பாயின்டை மட்டும் நான் இன்னும் மாற்றவில்லை. கையை வைக்கப் போனால் மனசு வரவில்லை.

இதெல்லாம் செய்த பிறகும் எனக்குப் பயம் போகவில்லை. புது சுவிட்ச் பழுதானால்? மூடி கழன்றால்? வேன் ஓட்டும்போது சிக்னலில் நின்றால் காதில் அந்தச் சத்தம் வரும். இப்போது ஓட்டிக்கொண்டிருப்பாளா, நிறுத்திவிட்டுக் கையைக் கொடுத்துக்கொண்டிருப்பாளா?

ஒரு நாள் டிரிப் முடித்து வந்தபோது கேட்டில் சத்தம் இல்லை. படியில் சத்தம் இல்லை. சத்தம் இருந்தாலும் பயம், இல்லாவிட்டாலும் பயம். ஏறிப் போனேன். அவள் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஸ்டாண்டு முன்னால் நின்றிருந்தாள். இரண்டு காலும் தரையில். தோள் இறங்கியிருந்தது. மூடியைத் தூக்கிவிட்டு, பிளேடில் மாட்டிய ஒரு மரச் சிம்பை விரலால் பிடுங்கிக்கொண்டிருந்தாள். விரல் பல்லுக்கு நடுவில் இருந்தது.

படிக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன்.

அப்போதுதான் ஒயர் தெரிந்தது. மிஷினிலிருந்து இறங்கித் தரையில் ஓடிய ஒயர் சுவருக்குப் போகவில்லை. வளைந்து திரும்பி, அவள் காலோரமாக ஏறி, இடுப்புக்கு வந்தது. சாவிக்கொத்தைச் செருகிக்கொள்கிற இடத்தில், புடவைக்குள் பிளக்கைச் செருகியிருந்தாள். மூன்று பித்தளைப் பல்லும் வெளியே தெரிந்தன.

நான் வந்து நிற்பது மூச்சுச் சத்தத்திலேயே அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். திரும்பவில்லை. ஒரு கையால் இடுப்பைத் தட்டிக் காட்டினாள்.

"இங்கதான் கீது. பாத்துக்கினீங்களா?"

"ம்," என்றேன்.

பார்த்தேன். பிறகு சுவரில் இருந்த பாயின்டையும் பார்த்தேன். காலியாக இருந்தது. இன்னொரு தடவை பார்த்துவிட்டு, எதிர்ப் பக்கம் போய், அடுத்து அறுக்க வைத்திருந்த பலகையின் நுனியைப் பிடித்துக்கொண்டேன்.